இரண்டு நாள் ஆறிய வெல்டிங்

திருவொற்றியூரில் ஒரு பட்டறையில் வெல்டிங்கைச் சோதிப்பது என் வேலை. தகட்டின் மேல் கிரீஸ் தடவி, தீப்பெட்டி அளவுள்ள ஒரு கருவியை அழுத்தி நகர்த்துவேன். அது உள்ளே ஒலியை அனுப்பும். விரிசல் இருந்தால் ஒலி பாதியிலேயே திரும்பிவிடும். திரையில் பச்சைக் கோடு ஒன்று குத்திட்டு எழும். எழுந்தால் ரிஜெக்ட். வெல்டர்களுக்கு என்னைக் கண்டாலே ஆகாது. எனக்கும் அவர்கள் மேல் பெரிய பாசமெல்லாம் கிடையாது, ஒருவனைத் தவிர. அவன் என் மனைவியின் தம்பி.

இரண்டாயிரத்தின் தொடக்க வருஷங்களில் எங்களுக்கு ஒரு வேலை வந்தது. நல்ல கனமான எஃகுத் தகடுகள். வளைத்துச் சேர்த்தால் வீட்டை விடப் பெரிய வளையம். வரைபடத்தில் பெயர் எழுதும் கட்டம் காலி. முதலாளி வாயைத் திறக்கவில்லை. ஆனால் எங்கள் பக்கத்தில் ரகசியம் எல்லாம் டீக்கடை வரைக்கும்தான். அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பல், அதுவும் ஏவுகணை ஏந்துகிற ரகம் என்று பேசிக்கொண்டார்கள். நான் சும்மா இருப்பேனா? பழைய ஆங்கிலப் பத்திரிகைகளை வாங்கி, அகராதியும் கையுமாக உட்கார்ந்து படித்தேன்.

சாதாரண நீர்மூழ்கி டீசலில் ஓடுவது. பேட்டரி ஏற்றக் காற்று வேண்டும், அதற்கு மேலே வந்தாக வேண்டும். அணு உலை இருந்தால் அந்தத் தொல்லை இல்லை. உலையின் சூட்டில் நீராவி, நீராவியில் ஓட்டம். ஆட்கள் சுவாசிக்கிற காற்றைக் கடல்நீரிலிருந்தே பிரித்துக்கொள்ளும். அரிசி பருப்பு தீர்ந்தால்தான் கரை. உடம்புக்குள் ஏவுகணைக் குழாய்கள் நிமிர்ந்து நிற்கும்; தண்ணீருக்கடியிலிருந்தே ஏவலாம். ஆனால் அதன் பெரிய திறமை ஒளிந்திருப்பதுதான். சத்தம் வெளியே போகக் கூடாது என்று எந்திரங்களை ரப்பர் மேல் உட்கார வைக்கிறார்கள். ஆழம் கூடக்கூடக் கடல் நாலாபக்கமும் நெருக்கும். குழாய்களுக்காக அந்த உடம்பில் பெரிய பெரிய ஓட்டைகள் வேறு. உள்ளே இருக்கிறவர்களுக்கு ஜன்னல்கூடக் கிடையாது. அவர்களுக்கும் கடலுக்கும் நடுவே தகடும், தகட்டைச் சேர்த்த வெல்டிங்கும்தான்.

மச்சானுக்கு வேறு கவலை. தேறுகிற வெல்டர்களைக் கப்பல் கட்டும் இடத்துக்கே கூட்டிப்போவார்கள், குவார்ட்டர்ஸ் உண்டு என்று சொல்லியிருந்தார்கள். கொருக்குப்பேட்டையில் ஒற்றை அறையில் மூன்று பிள்ளைகளோடு கிடந்தவன் அவன். தெரு முழுக்கச் சொல்லிவிட்டான். அதற்கு அவன் வெல்டிங் போட்ட இரண்டு பீஸ் என் சோதனையில் தேற வேண்டும். முதல் பீஸ் தேறிவிட்டது.

இந்த எஃகுக்கு ஒரு கெட்ட குணம். வெல்டிங் குச்சியில் ஈரம் இருந்தால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது. ஆறி, ஒரு நாள், இரண்டு நாள் கழித்துத்தான் உள்ளே விரியும். அதனால் சோதனையும் இரண்டு நாள் கழித்துத்தான். குச்சிகளைச் சூட்டுப் பெட்டியில் வைத்திருப்போம். வேண்டியதை மட்டும் எடுத்து, மிஞ்சியதை உடனே திருப்பிப் போட வேண்டும். எங்கள் கடற்காற்றில் எதுவும் ஈரமாகாமல் தப்பாது.

மூன்றாம் நாள் காலை மச்சான் பக்கத்தில் நிற்க, இரண்டாவது பீஸில் பச்சைக் கோடு எழுந்தது.

“இன்னா மாமா இது? தலமுடி கணக்கா கீது. இத்த யாரு பாக்கப் போறா?”

“நான் பாத்துட்டனே.”

“இன்னொரு வாட்டி பாரேன்.”

நாலு வாட்டி பார்த்தேன். மறுபக்கத்திலிருந்தும் பார்த்தேன். எழுந்தது.

“நாலே நாலு குச்சி மாமா. டீ குட்ச்சிட்டு வந்தேன், வெளிய கெடந்துச்சி. தூக்கிப் போட மனசு வரல, அத்த வச்சே வெல்டிங் போட்டுட்டேன். புள்ளைங்கள நெனச்சிப் பாரு.”

நினைத்தேன். மறைக்காமல் சொல்கிறேன், விட்டுவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. அந்தப் பத்திரிகைகளைப் படிக்காமல் இருந்திருந்தால் விட்டும் இருப்பேன். அந்தத் தகட்டுக்குப் பக்கத்தில் படுத்துத் தூங்கப் போகிற எவனோ ஒருவன் என் மண்டைக்குள் புகுந்துவிட்டான். ரிஜெக்ட் என்று எழுதினேன்.

வீட்டில் மனைவி சோறு போட்டாள். “அவன் என் தம்பி” என்றாள். அதற்கு மேல் ஒரு வாரம் பேச்சில்லை. மச்சான் வளைகுடாவுக்குக் குழாய் வெல்டிங்குக்குப் போனான். சொல்லிக்கொள்ளக்கூட வரவில்லை. அந்த ஆள் வீட்டுக்குப் போன் பண்ண மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனானாம். சொன்னபடியே இருந்தான். இன்றைக்குக் கேட்டாலும் ரிஜெக்ட் என்றுதான் எழுதுவேன். ஆனால் அவன் இல்லாத பொங்கல் எதுவும் எனக்கு ருசிக்கவில்லை.

2009ல், நம் நாட்டில் கட்டிய அணுசக்தி நீர்மூழ்கியைத் தண்ணீரில் இறக்கிய செய்தி வந்த அன்று சாயங்காலம் போன் அடித்தது.

“மாமா, டிவில சொன்னான். நம்ம பட்டற பீஸ் அதுல கீதா?”

“தெர்ல. நம்மகிட்ட யாரு சொல்லப் போறா?”

“என்னுது அதுல இல்ல. அது மட்டும் நல்லாத் தெரியும். அந்த வெடிப்பு அதுல இல்லாம போனதே நல்லது மாமா. அக்காகிட்ட போனக் குடு.”

கொடுத்தேன். அவள் ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் அழுதாள். அவனும் போனை வைக்கவில்லை.