சோள ரொட்டி தின்ற ஊர்

எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் செருப்பைக் கழற்றி நிமிர்ந்ததும் அந்தப் படத்தைத்தான் பார்ப்பார்கள். பிளாக்ஹவுஸ் பே வீட்டுக் கூடத்தில், கதவுக்கு நேர் எதிரே என் கணவர் மாட்டி வைத்தது. மெக்சிகோவில் ஒரு பழைய ஊரின் சந்தையில், வாய் நிறையச் சோள ரொட்டியும் கருப்புப் பயறுமாக நான் சிரிக்கிறேன். எனக்குப் பின்னால், அதைச் சமைத்துக் கொடுத்த பெண்மணி. "இப்படி ஒரு சிரிப்பை உன் முகத்துல பார்த்ததே இல்லையே" என்று சொல்லாதவர்கள் இல்லை. போன குளிர்காலம் வரை நானும் பெருமையாகக் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். இப்போது அந்த இடத்தில் வெறும் ஆணிதான் இருக்கிறது.

அந்த ஊரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வாடகைக் காரில் மலைப்பாதையில் போகும்போது மதியச் சாப்பாட்டுக்காக நிறுத்திய ஊர். ஸ்பானியர்கள் ஆண்ட காலத்துக் கல் பாவிய தெருக்கள். மஞ்சளும் காவியும் பூசிய வீடுகள், சன்னலுக்குச் சன்னல் காகிதப்பூ. தேவாலய வாசலில் கல்யாண ஜோடிகள் படம் எடுக்க வரிசையில் நின்றார்கள். இவ்வளவு அழகையும் யார் முதுகை ஒடித்துக் கட்டினார்களோ என்று எனக்குத் தோன்றியது. வாயைத் திறந்தால் "வந்த இடத்திலயும் தொடங்கியாச்சு" என்பார் இவர். சந்தையைப் பார்த்து நடந்தேன்.

நான் சைவம். பிறவிச் சைவம் இல்லை. திருச்சியில் ஞாயிற்றுக்கிழமை என்றால் ஆட்டுக்கறி வாசனையோடு விடிகிற வீட்டில் வளர்ந்தவள். கொரோனா சமயத்தில் அங்கே என் தம்பி மூச்சுக்குத் திணறிக்கொண்டு ஆஸ்பத்திரியில் கிடந்தான். நாங்கள் குடியேறிய இந்த நாட்டிலோ எல்லையை மூடியிருந்தார்கள். போனால் திரும்பி வர முடியுமா என்று யாருக்கும் தெரியாது. சமையலறைத் தரையில் உட்கார்ந்து, முருகா, அவனைக் காப்பாத்து, இனி கவுச்சியைத் தொடமாட்டேன் என்று வேண்டிக்கொண்டேன். தம்பி பிழைத்தான். நான் வேண்டிக்கொண்டபோது என் தோளைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் இவர்தான்.

இவர் யாழ்ப்பாணம். மீன் இல்லாமல் இவருக்குச் சோறு இறங்காது. ஆனாலும் எனக்கென்று தனிச் சட்டி, தனிக் கரண்டி வாங்கி வைத்தார். மீன் சமைத்த கையைக் கழுவாமல் என் பாத்திரத்தைத் தொட்டதில்லை. எங்கள் வீட்டில் இவர்தான் நல்ல சமையல்காரர். இவர் எதை நீட்டினாலும் என்ன ஏது என்று கேட்காமல் வாயைத் திறப்பேன்.

அந்தச் சந்தையிலும் அப்படித்தான். மெக்சிகோ போவதற்காக இவர் போனில் மாதக்கணக்கில் ஸ்பானிஷ் படித்திருந்தார். எனக்கு ஒரு வார்த்தை தெரியாது. அந்தப் பெண்மணி பயறுச் சட்டியைக் காட்டி என்னவோ கேட்டாள், பிறகு ஒரு எண்ணெய்ப் போத்தலைத் தூக்கிக் காட்டினாள். இவர் கையை ஆட்டிச் சிரித்தார். ரொட்டியை என் பக்கம் நகர்த்தி, "சைவம்தான், சாப்பிடும்" என்றார். சாப்பிட்டேன். அப்படி ஒரு ருசி. இன்னொன்று கேட்டு வாங்கினேன். அப்போதுதான் படம் எடுத்தார்.

போன குளிர்காலத்தில், நகரின் மறுகோடியில் பாட்டனி டவுன்ஸில் இவருடைய சிநேகிதர் வீட்டு விருந்து. பயணப் பேச்சு வந்தது. இரண்டு பியர் உள்ளே போயிருந்த இவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இவவுக்கு இன்னும் தெரியாது. அண்டைக்குச் சாப்பிட்ட பயறு முழுக்கப் பண்டிக் கொழுப்பில வதக்கினது! அந்த மனுசி நல்லவ. எண்ணெயில வேறயாச் செய்து தாறன், கொஞ்சம் பொறுங்கோ எண்டு கேட்டவ. நான்தான் வேண்டாம் எண்டிட்டன். இருட்ட முன்னம் மலை இறங்க வேணுமெல்லே? இவ எண்டால் ரெண்டாந்தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டவ!"

மேசையே சிரித்தது. யாரோ என் முதுகில் தட்டினார்கள். நான் எழுந்து பாத்ரூமுக்குப் போனேன். வாந்தி வரவில்லை. ஒரு வருடத்துக்கு முன் தின்றது எப்படி வரும்?

காரில் கேட்டேன். "தெரிஞ்சேதான் குடுத்தீங்களா?"

"ஓம். நீர் பசியோட இருந்தனீர். இதென்ன பெரிய விசயமே?" கொஞ்ச தூரம் போனதும் சமாதானம் சொல்கிற குரலில், "உம்மட தம்பிக்கு ஒண்டும் ஆகேல்லைத்தானே?" என்றார்.

கண்ணாடியை இறக்கிவிட்டு முகத்தை வெளியே வைத்துக்கொண்டேன். பன்றி மேல் எனக்கு அருவருப்பு இல்லை. பன்றி என்ன செய்யும், பாவம். தெரியாமல் தின்றதற்கு முருகன் கோபித்துக்கொள்ள மாட்டான் என்றும் எனக்குத் தெரியும். தெரிந்து ஊட்டிய கைதான் பக்கத்தில் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தது. மோதிரம் போட்ட அந்தக் கையைப் பார்க்கவே எனக்குக் கூசியது. கொஞ்ச நேரம் பொறுக்க முடியாமல் என் தம்பியின் உயிருக்காகச் சொன்ன வார்த்தையை விற்றவர், அதை ஒரு வருடம் பத்திரமாக வைத்திருந்து விருந்தில் சிரிப்புக்குப் பரிமாறியும் விட்டார்.

வீட்டுக்கு வந்து விளக்கைப் போட்டதும் எதிரே அந்தப் படம். முதல்முறையாக என்னைப் பார்க்காமல் பின்னால் நின்ற பெண்மணியைப் பார்த்தேன். முகத்தைச் சுளித்துக்கொண்டு நிற்கிறாள். வெயில் கண்ணில் பட்டிருக்கும் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். அவளுக்கு மேலே கூரை இருக்கிறது. கண் படம் எடுக்கிறவர் மேல் இருக்கிறது. முன்பின் தெரியாத ஒருத்தி என் சாப்பாட்டுக்காக இவரைப் பார்த்து முகம் சுளித்திருக்கிறாள். நான் அவளுக்கு முன்னால் உட்கார்ந்து இளித்துக்கொண்டிருக்கிறேன். கழற்றி, துணி அலமாரிக்குப் பின்னால் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தேன்.

மறுநாள் காலை இவர் எதுவும் நடக்காதது போல எழுந்து, எனக்குப் பிடித்த ரவை உப்புமாவைக் கிண்டினார். என் தட்டில் போட்டு மேசையில் வைத்தார்.

"சைவம்தான், சாப்பிடும்."

சந்தையில் சொன்ன அதே குரல். பொய் இல்லை என்று தெரியும். உப்புமாவில் என்னத்தைக் கலக்கப் போகிறார்? ஆனாலும் எழுந்து போய்ச் சட்டியின் மூடியைத் திறந்து பார்த்தேன். கரண்டியால் கிளறிப் பார்த்தேன். கடுகு, வெங்காயம், பச்சை மிளகாய். அடுப்புப் பக்கத்தில் இருந்த எண்ணெய்ப் போத்தலை எடுத்து முகர்ந்தும் பார்த்தேன். நான் செய்வதைப் பார்த்துக்கொண்டு நின்றவருக்கு அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

"ஏன் இப்பிடிச் செய்யிறீர்?" என்றார்.

நான் அரிசியைக் களைந்து, எனக்கு மட்டும் தனியாக உலை வைத்தேன்.