கந்தர்வக்கோட்டையில் காலையில் ஒரு ஆர்ப்பாட்டம், மாலையில் ஒன்று

நாத்தனார் மகள் வளைகாப்புக்கு ஐந்து கிலோ முந்திரிப் பருப்பு தேவைப்பட்டது. கடையில் வாங்குவதற்குப் பதில் உடைக்கிற இடத்திலேயே வாங்கிவிடலாம் என்று போன சனிக்கிழமை தஞ்சாவூரிலிருந்து கந்தர்வக்கோட்டைக்குக் கிளம்பினேன். மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்புவதாகத் திட்டம். திரும்பியபோது விளக்கு வைத்தாகிவிட்டது. அன்றைக்கு வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

காலை 6.40க்குப் புதுக்கோட்டை பஸ். முப்பது கிலோமீட்டர், முப்பது ரூபாய், 7.35க்கு இறங்கிவிட்டேன். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே பொங்கல் பிரமாதம், சாம்பார் சுமார். அங்கிருந்து முந்திரிக் கம்பெனிக்கு நான்கு கிலோமீட்டர், ஆட்டோவுக்கு நூறு ரூபாய். "பருப்பு வாங்கவா போறீங்க? அங்க வாரத்துக்கு ரெண்டு நாள்தாங்க வேலை ஓடுது. அமெரிக்காக்காரன் நம்ம சரக்குக்கு வரியப் போட்டுட்டான்ல" என்றார் ஆட்டோக்காரர்.

கம்பெனி என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். மூன்று தகரக் கொட்டகை, அதில் இரண்டு பூட்டிக் கிடந்தன. மூன்றாவதில் பத்துப் பதினைந்து பெண்கள் பருப்பைத் தோலுரித்துத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பொறுக்கித் தர உட்கார்ந்தவர் பெயர் மணிமேகலை. பதினான்கு வருடமாக இதே வேலை. கணவர் இல்லை, மகள் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள்.

"கப்பலுக்குப் போற சரக்கு நின்னுபோச்சுக்கா. திங்கக்கெழம மொதலாளி ஒரு முடிவு சொல்றேன்னிருக்காரு. மூடிட்டா எங்கிட்டுப் போறது? திருப்பூருக்குப் போகலாம்னா அங்கிட்டும் இதே வரியாம்ல" என்றார். கை மட்டும் நிற்காமல் பொறுக்கிக்கொண்டிருந்தது.

முதலாளியிடம் கேட்டேன். "அமெரிக்காவுல வாங்குறவங்க இன்னும் காத்துக்கிட்டுத்தான் இருக்காங்க. ரெண்டு கவர்மெண்டும் ஒக்காந்து பேசுனா பொழச்சுக்குவோம். நாமளும் பதிலுக்கு வரி போட்டா அவன் இன்னும் ஏத்துவான், ஆர்டர் வியட்நாமுக்குப் போயிரும்" என்றார். இதை வெளியே சொல்லலாமே என்றதற்கு, "சொன்னேன். டீக்கடையில 'நீ எந்த நாட்டுக்காரன்'னு கேட்டாங்க. அதோட வாய மூடிக்கிட்டேன்" என்றார்.

ஒன்பதரைக்கு வாசலில் ஹாரன் சத்தம். தூத்துக்குடித் துறைமுகத்துக்கு முந்திரி டின் ஏற்றிப்போகிற கம்பெனி லாரிதான். முன்னால் ஒரு கட்சிக்காரர் உட்கார்ந்திருந்தார். "பத்து மணிக்கு பஸ் ஸ்டாண்டுல ஆர்ப்பாட்டம். பதிலடி வரி போடச் சொல்லி. எல்லாரும் ஏறுங்க, முந்நூறும் சாப்பாடும்" என்றார். தன் தொழிலைக் கெடுக்கிற கூட்டத்துக்குத் தன் லாரியையே கொடுத்திருக்கிறார் முதலாளி! ஏன் சார் என்றேன். "கேட்டா குடுக்காம இந்த ஊர்ல தொழில் பண்ண முடியுமாங்க?" என்றார்.

மணிமேகலை பாதிப் பருப்போடு எழுந்தார். "போகாதீங்க, உங்க வேலைக்கே உலை வைக்கிற கூட்டம் அது" என்றேன்.

"தெரியும்க்கா. இங்க ஒக்காந்தா ஒங்க அஞ்சு கிலோவோட இன்னைக்கு வேலை முடிஞ்சுது. அதோட, எவனோ எங்கயோ ஒக்காந்து எங்க வயித்துல அடிச்சிருக்கான். பதிலுக்கு ஒரு சத்தமாவது போட வேணாமா?"

இவரைத் தடுக்க நான் யார்? 'அடிக்கு அடி, வரிக்கு வரி' என்று எங்கள் குடும்ப வாட்ஸ்அப்பில் நாலு படம் பகிர்ந்தவள் நான். மாசம் பிறந்தால் சம்பளம் வருகிற திமிர், வேறென்ன?

பொறுக்கித் தர ஆளில்லாமல் நானும் பஸ் ஸ்டாண்டுக்கே திரும்பினேன். "போடு போடு, பதிலடி வரி போடு!" என்று ஒருவர் மைக்கில் கத்த, பெண்கள் திருப்பிக் கத்தினார்கள். நாற்பது நிமிடம் ஒரு பஸ்கூட நகரவில்லை. பிறகு எலுமிச்சம்பழச் சாதப் பொட்டலம். பருப்பு இல்லாமல் திரும்ப மனமில்லாமல் நானும் அங்கேயே காத்திருந்தேன்.

மாலை நான்கு மணிக்கு எதிர்த்தரப்புக் கட்சி. அதே இடம், அதே லாரி, அதே பெண்கள், கொடி மட்டும் வேறு. இந்தத் தலைவர், சண்டை வேண்டாம், பேசி வரியைக் குறைக்கச் சொல்லுங்கள், முந்திரியைக் காப்பாற்றுங்கள் என்று ஐந்து நிமிடம் நல்லபடியாகவே பேசினார். முதலாளிகூட மெடிக்கல் ஷாப் ஓரமாக வந்து நின்று கேட்டார். முகத்தில் லேசாகத் தெம்பு தெரிந்தது.

"நடத்து நடத்து, பேச்சுவார்த்தை நடத்து!" என்றார் தலைவர். காலையில் கத்திக் கத்திப் பழகிய தொண்டை, பெண்கள் பழக்கதோஷத்தில், "போடு போடு, பதிலடி வரி போடு!" என்று ஒரே குரலில் பதில் கொடுத்துவிட்டார்கள். பஸ்ஸுக்கு நின்ற கூட்டம் கைதட்டி விசிலடித்தது. அந்த மனிதருக்கு அன்று கிடைத்த முதல் கைதட்டல்.

தலைவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். "அதைத்தானே நானும் சொல்ல வர்றேன்! அவங்க கேட்டது பத்தாது, ரெண்டு மடங்கு போடணும்!" என்றார். அடப்பாவி! ஐந்து நிமிடக் கொள்கை ஒரு விசிலுக்குத் தாங்கவில்லை. திரும்பிப் பார்த்தேன். முதலாளி வண்டியை எடுத்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தார்.

பஸ் ஏறும்போது மணிமேகலை ஓடிவந்து, காலையில் பொறுக்கிய இரண்டு கிலோவைக் கொடுத்தார். "ரெண்டு கட்சியும் ஒண்ணாச் சொல்லிருச்சு. இனி நல்லது நடக்கும்லக்கா?" என்றார். நான் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலுக்கு இன்னும் கூசுகிறது. என் போன் நம்பரைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

போகிறவர்களுக்கு: காலை முதல் பஸ்ஸில் போங்கள். கம்பெனிக்கு முன்கூட்டியே போன் செய்துகொள்ளுங்கள். ஆட்டோவுக்கு நூறுக்கு மேல் கொடுக்க வேண்டாம். பருப்பில் மட்டும் தயவுசெய்து பேரம் பேசாதீர்கள். பதிலடிப் படம் ஏதாவது வந்தால், அடுத்தவருக்குத் தள்ளிவிடுமுன் அந்த அடி யார் முதுகில் விழும் என்று ஒரு நிமிடம் யோசியுங்கள்.

இதை எழுதி முடித்தபோது திங்கள் மதியம் ஆகிவிட்டது. மணிமேகலை கூப்பிட்டார். கம்பெனியைப் பூட்டிவிட்டார்களாம். அழவில்லை, யாரையும் திட்டவும் இல்லை.

"தஞ்சாவூர்லயும் இந்த வரிக் கூட்டம் நடக்குதாமே. அங்கிட்டு ஆளு எடுக்குறாங்களான்னு கேட்டுச் சொல்றீங்களாக்கா?" என்றார்.