கும்மிக்குத் தைத்த கவுன்

பிள்ளைகளே, கூலாய் ஊர்க் கடைத்தெருவில் ஒரு தையல்காரர் இருந்தார். ஒல்லியான மனிதர், தாமே தைத்த சட்டை உடம்போடு ஒட்டிக்கொண்டிருக்கும். துணி வெட்டுகிற அளவுக் காகிதங்களைச் சுவரில் மாட்டியிருப்பார். கையை நீட்டினால் எட்டும் உயரந்தான். ஆனாலும் முக்காலிமேல் ஏறித்தான் எடுப்பார்.

பள்ளிக்கூட விழாவில் உங்கள் அக்காவுக்குக் கும்மி. அவர் தைத்த கவுனைப் போட்டால் கை தோளுக்கு மேலே எழவில்லை. கை தூக்காதவளைச் சேர்க்க முடியாது என்று வாத்தியார் சொல்லிவிட்டார். கவுனோடு அவளையும் அழைத்துக்கொண்டு கடைக்கு ஓடினேன்.

“கக்கத்துல பிடிக்குதுங்க. மாத்திக் கொடுங்க.”

“சிங்கப்பூர்ல இருந்து வந்த காகிதம் அண்ணே, அதுல தப்பே வராது. பிள்ளையக் கைய அடக்கச் சொல்லுங்க.”

“கும்மியில எப்படிய்யா அடக்குறது?”

“இடுப்புக்கிட்ட தட்டட்டுமே!”

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. காகிதத்தைக் காட்டுகிறேன் என்று அவர் முக்காலியை இழுத்தார். அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மாமா, உங்க சட்டையும் பிடிக்குதா?”

அவர் முக்காலியை விட்டுவிட்டுத் திரும்பினார். கவுனை வாங்கி, கக்கத்துத் தையலைப் பிரித்து, இரண்டு பக்கமும் துண்டு வைத்துத் தைத்தார். காகிதத்திலும் பென்சிலால் அகலமாகக் கோடு போட்டார்.

விழாவில் அக்காவின் கைகள் தலைக்கு மேலே தட்டின. மறுநாள் நன்றி சொல்லப் போனேன். மனிதர் அதே சட்டையோடு முக்காலிமேல் நின்றார்.

“உங்க சட்டைக்குத் துண்டு வைக்கலையா?”

“எனக்குத்தான் முக்காலி இருக்கே அண்ணே!”

அவரிடம் நான் வேறென்ன பேசியிருக்க முடியும், நீங்களே சொல்லுங்கள்.