நாலே காலுக்கு டீ, நாலு பதினெட்டுக்கு ஓடிபி

ஆன்லைன் சேவைக் கடையில் உட்காருகிறவள், கம்ப்யூட்டருக்குப் பதிலாகத் திட்டு வாங்கச் சம்பளம் பெறுகிறவள். போனில் உங்கள் சித்தியிடம் "இடது பக்கம், இடது பக்கம்!" என்று தொண்டை வறளக் கத்தியிருக்கிறீர்களா? அப்படியானால் நீங்களும் நம்ம கட்சிதான்.

எம்.ஏ. வகுப்பில்லாத நாட்களில் மைசூர் மண்டி மொஹல்லாவில் லோகேஷ் அண்ணா கடையில் வேலை பார்க்கிறேன். அன்று தூரத்துக் கௌதள்ளி கிராமத்திலிருந்து பஸ் ஏறி வந்திருந்தார் மாதம்மாக்கா. மகள் ரேவதிக்கு இங்கே கல்லூரி இடம் கிடைத்துவிட்டது. அவள் கல்லூரியில் அட்மிஷன் வரிசையில் நின்றுகொண்டிருந்தாள். விடுதி விண்ணப்பத்துக்கு அன்று மாலை ஐந்து மணிதான் கடைசி. விடுதி இல்லையென்றால் கல்லூரியும் இல்லை. ஊரிலிருந்து தினமும் வந்துபோகிற தூரமா அது?

சான்றிதழ்

வருமானச் சான்றிதழை ஸ்கேன் செய்து ஏற்றினேன். நூறு கேபிக்கு மேல் கூடாது என்றது. குறைத்தேன். எழுத்து தெளிவாக இல்லை என்றது. மறுபடி ஸ்கேன், மறுபடி குறைப்பு. நாலாவது தடவைதான் வாயை மூடிக்கொண்டு வாங்கிக்கொண்டது. பக்கத்து ஸ்டூலில் இருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த மாதம்மாக்கா சொன்னார்:

"பெருசா இருந்தா வேண்டாங்குது, சிறுசாக்குனா தெரியலைங்குது. இதுக்கு எங்க மாமியாளே தேவலை கண்ணு."

மனுஷிதானா?

அடுத்து, நாம் மனிதர்தான் என்று நிரூபிக்க வேண்டும். படங்களில் தீயணைப்புக் குழாய் எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் தொட வேண்டுமாம். தெருவோரம் சிவப்பாக, குட்டையாக நிற்கும் அந்த வஸ்துவை மைசூரில் நானே கண்டதில்லை. தப்பு, தப்பு, மறுபடி தப்பு. என்ன கேட்கிறது என்று விளக்கியதும் மாதம்மாக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"விடியக்காலம் பஸ் ஏறி வந்து உம் முன்னால உக்காந்திருக்கறேன். மனுசிதான்னு நீயே ஒரு வார்த்தை அதுகிட்டச் சொன்னா ஆகாதா?"

லோகேஷ் அண்ணாவின் சித்தாந்தம்

"எல்லாரும் கத்துக்கணும்மா, கலீலேபேகு! கார் ஓட்டறவன் லைசென்ஸ் எடுக்கலையா?" என்று கன்னடமும் கலந்து சொன்னார் அண்ணா. இந்த வாதத்தைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மாதம்மாக்கா காரா ஓட்டுகிறார்? இவர் பஸ்ஸில் போகிறவர். பஸ்ஸில் ஏறுகிறவரிடம் எந்தக் கண்டக்டர் கியர் போடத் தெரியுமா என்று கேட்கிறார்? செய்தவன் சரியாகச் செய்யாததற்குப் பயன்படுத்துகிறவர் ஏன் பரீட்சை எழுத வேண்டும்? மூச்சுவிடாமல் கேட்டேன். அண்ணா நிதானமாகச் சொன்னார்:

"வாதம் பண்றதுக்கு மெடல் இருந்தா உனக்குத்தான்மா. முதல்ல பிரிண்டருக்குப் பேப்பர் போடு."

டீ நேரம்

கடைசியில் ஓடிபி. ரேவதியின் ஆதாரில் இருப்பது மாதம்மாக்கா வீட்டுக்காரரின் நம்பர். அவர் நஞ்சன்கூட்டில் ஒரு தொழிற்சாலையில் வேலை. அங்கே போனை கேட்டில் செக்யூரிட்டி பெட்டியில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். இது தெரியாமல் நான் அதற்குள் இரண்டு முறை ஓடிபி அனுப்பியிருந்தேன். ஐந்து நிமிடம்தான் அதற்கு ஆயுள். இரண்டும் பெட்டிக்குள்ளேயே செத்திருந்தன.

மாதம்மாக்கா கடிகாரத்தைப் பார்த்தார். "நாலே காலுக்கு டீ மணி. நாலு பதினெட்டுக்குக் கேட்டுக்கு வந்து எனக்குப் போன் பண்ணுவாரு, தெனமும். அப்ப அமுக்கு."

நாலு பதினெட்டுக்கு மாதம்மாக்காவின் பட்டன் போன் அடித்தது. கம்ப்யூட்டரில் 'ஓடிபி அனுப்பு' என்பதை அமுக்கினேன். வீட்டுக்காரர் ஒரு நம்பரைப் படித்தார், தப்பு என்றது. முன்னே செத்ததில் ஒன்று. "மேல இருக்கறதுங்களா, கீழ இருக்கறதுங்களா அம்மிணி?" "கடைசியா வந்ததுங்க!" என்று கத்தினேன். ஒவ்வொரு எண்ணாகச் சொன்னார். பச்சை டிக் வந்தது: விண்ணப்பம் ஏற்கப்பட்டது. மாதம்மாக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். போனுக்குள் டீ முடிகிற மணி அடித்தது. அதற்கு மேல் வீட்டுக்காரரின் குரல்:

"புள்ளைக்கு ஆயிருச்சுங்களா, இல்ல நான் இன்னும் நம்பர் சொல்லோணுங்களா?"

ஒரு பெண் விடுதியில் சேர எந்தத் தொழிற்சாலையில் எப்போது டீ கொடுப்பார்கள் என்று தெரிந்திருக்க வேண்டும் என்பதை எந்தக் கம்ப்யூட்டர் கோர்ஸில் கற்றுத்தருகிறார்கள் என்று லோகேஷ் அண்ணாதான் விசாரித்துச் சொல்ல வேண்டும்.