நெருக்கி ஊன்றிய பருத்தி

எருமப்பட்டியில் விதைக்கடை வைத்திருக்கிறேன். போன வருடம் பருத்தி விதை வாங்கிய பழனியம்மாள், "எவ்ளோ இடம் உட்டு ஊனறதுங்க பாய்?" என்று கேட்டார்.

"நெருக்கி ஊனுங்கம்மா. செடி கூடுனா மகசூலும் கூடும்" என்றேன். குட்டையாக நிமிர்ந்து வளரும் ரகத்துக்குத்தான் அது பொருந்தும். நான் கொடுத்ததோ படர்ந்து கிளைக்கும் ரகம். பாக்கெட்டைப் படிக்காமலே சொல்லிவிட்டேன்.

மழைக்காலத்தில் அவர் பருத்திக் காட்டுக்குப் போனேன். செடிகள் பின்னிக்கிடந்தன, வெயிலும் காற்றும் புகாமல் அடிக்காய்கள் அழுகியிருந்தன. "ஏன் புள்ள, இப்பிடியா நெருக்கி ஊனுவ?" என்று கணவர் அவரைத் திட்டிக்கொண்டிருந்தார்.

"பாய் சரியாத்தான் சொல்லியிருப்பாருங்க. நாந்தான் தப்பாக் கேட்டுட்டேன்" என்றார் பழனியம்மாள்.

கணவர் என்னைப் பார்த்தார். நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.

அவர்கள் இருவரிடமும் இன்னும் உண்மையைச் சொல்லவில்லை. தெரியாமல் சொன்னதற்கு என்னை மன்னித்துக்கொள்ள முடிகிறது. தெரிந்தே ஆட்டிய தலையை நினைத்தால்தான் உடம்பு கூசுகிறது.