கொக்குக்கு ஒரு பல்லவி

எண்பதுகளில், என் ஹைக்கூ ஒன்றுக்கு மெட்டமைத்தார் திருவண்ணாமலைப் பாட்டு வாத்தியார் ஒருவர். பட்டு ஜிப்பா, சாயம் பூசிய மீசை. தான் பாடியதற்குத் தானே "பேஷ்" போட்டுக்கொள்வார். வற்றிய குளத்தில் நிற்கும் கொக்கைப் பற்றிய மூன்றே வரிகளை அரை மணி நேரம் இழுத்தார். வரிக்கு வரி "அண்ணாமலையானே" வேறு.

"என் கவிதையில சாமியே இல்லீங்களே?" என்றேன்.

"மூணு வரி ரொம்ப கம்மிங்க. சாமிதான் தாங்கிப் பிடிக்கிறாரு," என்றார் அலட்சியமாக.

கோயில் மண்டபத்தில் அவர் அதைப் பாடியபோது, வெட்கத்தில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தேன். பக்கத்திலிருந்த பூக்காரம்மா கண்ணைத் துடைத்தபடி என்னிடம், "பாவம்ங்க அந்தக் கொக்கு," என்றார்.

நான் வாசித்துக் காட்டியபோதெல்லாம் அந்தக் கொக்குக்காக ஒருவரும் அழுததில்லை. அந்த மனிதரை மன்னிக்க இன்னும் எனக்கு மனம் வரவில்லை.