கமலாசனி ரீச்சரும் திறக்காத போல்டரும்

கமலாசனி ரீச்சருக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும் என்பது கட்டுகஸ்தோட்டை முழுக்கத் தெரியும். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கண்டிப் பிள்ளைகளுக்குக் கணிதம் படிப்பித்த மனுசி. கணவர் டுபாயில்; வீட்டில் அவரும் மகளும்தான்.

யுத்தம் திரும்பவும் மூண்டு, தமிழ் வீடுகளைத் தேடித்தேடிச் சோதித்த காலம் அது. பக்கத்து வீட்டில் பொலிஸார் குடும்பப் படங்கள் இருந்த அல்பத்தைப் புரட்டி, ஒவ்வொரு முகத்துக்கும் பெயர் கேட்டு, இரண்டு படங்களை உருவிக்கொண்டு போனார்கள். ரீச்சர் உடனே, மகள் பெரியபிள்ளையானபோது எடுத்த சாமத்தியவீட்டுப் படங்களைக் கம்பியூட்டரில் ஒரு போல்டரில் போட்டு, தன்னைத் தவிர ஒருவரும் திறக்க முடியாதபடி பூட்டினார். தகப்பன்காரன்கூட இன்னும் அவற்றைப் பார்க்கவில்லை.

பிறகு கம்பியூட்டர் இழுபட ஆரம்பித்தது. அக்குறணையில் கடை வைத்திருந்த மர்சூக் வந்து புது விண்டோஸ் போட்டுவிட்டுப் போனான். ரீச்சர் போல்டரைத் திறக்க அமத்தினார். அனுமதி இல்லை என்றது.

"ஆருக்கு அனுமதி இல்லை? நான்தானே பூட்டினனான்! கோதாரியில போன பெட்டி!" என்று போனில் கத்தினார்.

"டீச்சர், கொஞ்சம் பொறுங்களே. நீங்க அதே பேரத்தான் போட்டீங்க. ஆனா புது விண்டோஸுக்கு நீங்க வேற ஆளு. காலையில வந்து உங்க பேருக்கு மாத்தித் தாறேன்."

"என்ரை வீட்டிலேயே நான் பிறத்தியாளோ?" என்று போனை அடித்து வைத்தார்.

விடிந்ததும் வாசலில் நின்றது பொலிஸ் ஜீப். கம்பியூட்டரைத் தட்டிப் பார்த்த இன்ஸ்பெக்டர் அந்தப் போல்டரில் வந்து நின்றார். என்ன இருக்கிறது என்று சிங்களத்தில் கேட்டார். மகளின் படங்கள் என்றார் ரீச்சர். திறக்கச் சொன்னார். எனக்கே திறக்கவில்லை என்றார் ரீச்சர். உண்மையைத்தான் சொன்னார், ஆனால் அது பொய் மாதிரிக் கேட்க அவருக்கே வெட்கமாக இருந்தது. இன்ஸ்பெக்டர் சிரித்தார். அப்படியென்றால் ஸ்டேஷனுக்கு வாருங்கள், மகளையும் கூட்டிக்கொண்டு என்றார்.

அந்த நேரம் பார்த்து மர்சூக் வந்து சேர்ந்தான். அவனைக் கதிரையில் இருத்தித் திறக்கச் சொன்னார்கள். அவன் ரீச்சரின் முகத்தைப் பார்த்தான்.

"திற, தம்பி. பிள்ளையைக் கொண்டு போகப் பாக்கிறாங்கள்."

நாலு தட்டில் போல்டர் ரீச்சரின் பேருக்கு மாறித் திறந்தது. ஆரத்தி, மாலை, வெட்கப்பட்டுச் சிரிக்கும் பிள்ளை. வேறு ஒரு மண்ணும் இல்லை. ரீச்சருக்கு உயிர் வந்தது. இன்ஸ்பெக்டரோ படம் படமாகத் தட்டி, இது யார், இது யார் என்று கேட்டார். பிறகு சட்டைப் பையிலிருந்து பென் டிரைவை எடுத்தார்.

ரீச்சருக்குப் பத்திக்கொண்டு வந்தது. பாய்ந்து போய்ச் சுவரிலிருந்த பிளக்கைப் பிடுங்கினார். திரை கறுத்தது.

"என்னை வேணுமெண்டால் கொண்டு போங்கோ! பிள்ளையின்ரை படத்தைத் தர மாட்டன்!"

இன்ஸ்பெக்டர் கோபப்படவில்லை. நீங்கள் எதற்கு, அதில்தான் இப்போது பூட்டு இல்லையே என்றார். கூட வந்த கான்ஸ்டபிள் குனிந்து கம்பியூட்டர் பெட்டியைத் தூக்கினான்.

மர்சூக் கதிரையை விட்டு எழும்பவில்லை. "டீச்சர், நான்தானே தொறந்து குடுத்தேன்," என்றான்.

அறை வாசலில் மகள் நின்றிருந்தாள். "அம்மா, அந்தப் படங்களை அப்பாவுக்கு அனுப்பினீங்களோ?" என்று கேட்டாள்.